சட்டைப்பை இல்லாத தெரு

இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று ஆண்டுக்கொரு முறை சான்று கொடுத்து நிரூபிக்கும் என் சக ஓய்வூதியர்களுக்கு,

சென்ற வாரம் நம் நடைப்பயிற்சிக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மேனாம்பேட்டில் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளைக் காணவில்லை. காணாமல் போனது பற்றி ஒரு வரி, யார் எடுத்திருப்பார்கள் என்பது பற்றிப் பல வரிகள். "ஏரிக்கரைப் பக்கத்து ஆட்களாக இருக்கும், அவர்களுக்கு அதுதான் தொழில்" என்று நம்மில் ஒருவர் எழுதினார். உடனே கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்தன. மறுநாள் சைக்கிள் கிடைத்துவிட்டது. பேரன் அதை டியூஷன் வாசலிலேயே மறந்துவிட்டு நடந்து வந்திருக்கிறான். அந்தத் தகவலுக்கு ஒரு கட்டைவிரலும் உயரவில்லை.

நான் ஏரிக்கரைக்காரி. இத்தனை வருடம் உங்களோடு நடந்தும் சொல்லவில்லையே என்று கேட்காதீர்கள். கேட்கப்படாத கேள்விக்குப் பதில் எழுதுவது அலுவலக மரபு அல்ல.

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் கழிந்தது என்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் ஓரிருவருக்கு நானே குறிப்பாணை தயாரித்திருக்கிறேன். ஒரு குற்றச்சாட்டு நிற்க வேண்டுமானால் நாள், இடம், செயல், மீறப்பட்ட விதி இவை வேண்டும். ஏரிக்கரையின் மீது நீங்கள் சுமத்தும் குற்றச்சாட்டில் இவற்றில் எதுவும் கிடையாது. அதனாலேயே அதற்கு விளக்கம் தரவும் வழியில்லை. என் சிறுவயதில் எங்கள் தெரு அதற்கு விளக்கம் தர முயன்றது. அந்த ஒரு மழைக்காலத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஏரிக் கரைக்குக் கீழே, கூரையும் ஓடும் கலந்த ஒரே தெரு எங்களுடையது. மழை பெய்தால் கரையிலிருந்து ஊறும் தண்ணீர் வாசல்களில் நிற்கும். அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டி அதன் மேல் நடப்போம். எங்கள் பெரியவர்கள் ஊருக்குள் இருந்தவர்களின் நிலங்களில் நாற்று நட்டவர்கள். அந்த நிலங்கள் தொழிற்பேட்டையானபோது நிலத்துக்காரர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. எங்களுக்குத் தொழிற்சாலை வாசலில் நிற்கும் உரிமை கிடைத்தது. யாருடைய மோட்டார் கொட்டகையில் ஒயர் காணாமல் போனாலும் முதலில் எங்கள் தெருவுக்குத்தான் ஆள் வரும். ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போகும். கிடைக்கவில்லை என்பதால் நாங்கள் எடுக்கவில்லை என்று எவரும் முடிவு செய்ததில்லை. நன்றாக ஒளித்து வைக்கிறார்கள் என்றே முடிவு செய்தார்கள்.

அப்பா பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் இருந்தார். நைனா என்றுதான் கூப்பிடுவேன், எழுத்தில் அப்பா என்றே இருக்கட்டும். மாலையில் அவர் வரும்போது எண்ணெயும் சூடான இரும்பும் கலந்த ஒரு வாடை அவருக்கு முன்பாக வீட்டுக்குள் வரும். விரல் இடுக்குகளில் இரும்புத்தூள் மின்னும். மரத்தூளையும் மண்ணெண்ணெயையும் சேர்த்துக் கசக்கிக் கழுவுவார், போகாது. அவர் தற்காலிகத் தொழிலாளி. இந்த மழைக்காலம் முடிவதற்குள் நிரந்தரமாகிவிடும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் நிரந்தரம் என்ற சொல்லுக்கு ஓடு என்று பொருள். நிரந்தரமானால் கடன் கொடுப்பார்கள், கடன் வந்தால் கூரையைப் பிரித்துவிட்டு ஓடு போடலாம். ஒழுகும் இடங்களில் அம்மா பாத்திரங்களை வைத்துக்கொண்டே, "இந்த ஒரு மழைதான், அப்பால இந்தக் கூத்து இல்ல" என்பாள். அவ்வளவு நம்பிக்கை.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். அதே தொழிற்சாலையில் அவரும் தற்காலிகம். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிவப்புச் சீப்பு இருக்கும். உட்கார்ந்தால் ஒருமுறை, எழுந்தால் ஒருமுறை வாரிக்கொள்வார். பஸ்ஸில் கூட்டமாக இருந்தால் வேண்டுமென்றே உரக்க, "ஏரிக்கரை ஒரு டிக்கெட்டு" என்பார். பக்கத்தில் இருப்பவர் பையை மடியில் இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்காருவார்.

"பாத்தியாக்கா, ஊரு பேர சொன்னா ஸீட்டு காலி. எந்த மந்திரிக்கு கெடிக்கும் இந்த மரியாத?" என்று வீட்டில் வந்து சொல்வார்.

"சிரி, நல்லா சிரி. ஒனுக்கு பொண்ணு தேடி நான் போவ சொல்லோ தெரியும் அந்த மரியாத" என்பாள் அம்மா.

அப்பாவுக்கு இந்த வேடிக்கை பிடிக்காது. அவருடைய தொல்லை வேறு. மாலைச் சங்கு ஊதியதும் தொழிற்சாலை வாயிலில் இரண்டு வரிசை நிற்கும். ஒரு வரிசையில் காவலாளி எப்போதாவது ஒருவரைத் தட்டி நிறுத்திச் சோதிப்பார். மற்ற வரிசையில் எல்லோரையும் சோதிப்பார். "ஏரிக்கரை எல்லாம் இந்தப் பக்கம்" என்ற ஒரே வாக்கியத்தில் அந்த இரண்டாவது வரிசை பிறந்தது. செருப்பின் அடியைத் தூக்கிக் காட்ட வேண்டும். சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து காட்ட வேண்டும். கடைசியாகக் காவலாளி சட்டைப்பைக்குள் இரண்டு விரலை விட்டு அடிவரை தடவிப் பார்ப்பார்.

அப்பாவால் மற்றதையெல்லாம் பொறுக்க முடிந்தது, அந்த இரண்டு விரலைப் பொறுக்க முடியவில்லை.

"என் பாக்கெட்ல அவன் கை. கட்ன பொண்டாட்டி கூட அதுல கை உட்டதில்ல."

"உட்டு இன்னாத்த எடுக்க? பீடித்தூளுதான் கீது" என்றாள் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. ஊசி நூல் கொண்டுவரச் சொல்லி, சட்டைப்பையின் வாயை அவரே குறுக்கே தைத்து மூடினார். மறுநாள் மாலை அவர் வீட்டுக்கு வந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. காவலாளியின் விரல்கள் துணியின் மேல் இப்படியும் அப்படியும் வழுக்கிக்கொண்டு போனதைத் தன் மார்பிலேயே செய்து காட்டினார்.

"தேடறான், தேடறான், வாசப்படியே இல்ல! அப்புறம் போ போன்னுட்டான்."

அந்தச் செய்தி தெருவில் பரவியது. அடுத்த சில நாட்களில் பேட்டைக்குப் போகும் ஆண்கள் எல்லோரும் சட்டைப்பைகளைத் தைத்து மூடினார்கள். தீபாவளிக்குத் தெருமுனைத் தையல்காரர் தைத்த புதுச் சட்டைகளுக்கு, கேட்காமலேயே பையை மூடித் தைத்துக் கொடுத்தார். பீடிக்கட்டு இடுப்புக்குப் போனது. பஸ்ஸுக்கான காசு காது மடலுக்குப் போனது. வெடிக்காத பட்டாசைப் பொறுக்கிய பையன்கள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாமா மட்டும் மறுத்தார்.

"சீப்ப இன்னா வாய்லயா கவ்விக்கினு போறது? போ மாமா."

என் பள்ளிக்கூடப் பாவாடையில் பக்கவாட்டில் ஒரு பை இருந்தது. அம்மா அதையும் மூடினாள். பள்ளியிலும் ஏதாவது காணாமல் போனால் முதலில் எழுந்து நிற்க வேண்டியவர்கள் நாங்கள்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

அப்படியே நடந்தது. தீபாவளி முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் டீச்சரின் பேனாவைக் காணவில்லை. "ஏரிக்கரைப் பிள்ளைங்க எழுந்திருங்க" என்றார். எழுந்தோம். பழகிய காரியம்தான். பையன்களின் அரைக்கால்சட்டைகளைத் தட்டிப் பார்த்தார். என்னிடம் வந்து பாவாடையைத் தடவியவர் நின்றார்.

"இது ஏன் தைச்சிருக்கு? உள்ளே என்ன?"

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குத் தையல்?"

முப்பது ஆண்டுகளுக்கு மேல் விசாரணைக் கோப்புகளைப் பார்த்தவள் நான். எனக்கு இன்றுவரை அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. டீச்சர் பென்சில் சீவும் அரை பிளேடை எடுத்து, என்னை அசையாமல் நிற்கச் சொல்லி, தையலைக் கிழித்தார். பிளேடு தொடைக்கு மிக அருகில் இருந்தது. மூச்சை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டேன். பையின் மூலையில் ஒரு பலப்பத் துண்டு இருந்தது. அம்மா தைத்தபோது கவனிக்காமல் உள்ளே சிக்கிக்கொண்டது. என்னுடைய பலப்பம்தான்.

டீச்சர் அதை விரல் நுனியில் தூக்கி வகுப்புக்குக் காட்டினார். "பாருங்க. ஒண்ணுமில்லன்னு சொன்னா. இதையே இப்படி ஒளிச்சு வெச்சா, பேனாவை எப்படி ஒளிச்சு வெப்பாங்க?"

அதற்கு மறுநாள் டீச்சர் எங்கள் நோட்டுகளைத் திருத்தினார். பேனா எங்கே கிடைத்தது என்று சொல்லவில்லை. மையின் கத்தரிப்பூ நிறம் மட்டும் பழைய நிறமாகவே இருந்தது.

கிழிந்த பாவாடையை அப்பா விளக்கின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். டீச்சரை ஒரு வார்த்தை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தையலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு நம்மளுதுதான்" என்றார். "மூடி வெச்சா உள்ள இன்னா கீதுன்னுதான் பாக்கறவனுக்குத் தோணும். பாக்கெட்டே இருக்கக் கூடாது."

இப்போது நினைத்தால் எல்லாம் கோணலாகப் போனது அங்கேதான் என்று தெரிகிறது. பிளேடு வைத்தவளிடம் பிழை இல்லை, நூலில்தான் பிழை என்று ஒரு நேர்மையான மனிதர் முடிவு செய்தார். ஆனால் அந்த வீட்டில் அன்று அது மிகச் சரியான தீர்ப்பாகவே பட்டது. எனக்கும்கூட.

தையல்காரர் சட்டைப்பைகளைப் பிரித்து எடுக்க ஆரம்பித்தார். முதலில் அப்பாவின் சட்டைகள், பிறகு மற்றவர்களுடையவை. இதில் ஒரு சங்கதியை யாரும் யோசிக்கவில்லை. வெயிலிலும் வண்ணான் துறையிலும் வெளுத்துப்போன சட்டைகள் அவை. பை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் பழைய நிறத்திலேயே இருந்தது. எங்கள் தெரு ஆண்கள் எல்லோருடைய இடது மார்பிலும் ஒரு கருத்த சதுரம் வந்துவிட்டது. நீலச் சட்டையில் கருநீலச் சதுரம், பழுப்புச் சட்டையில் காப்பிநிறச் சதுரம். அதுவரை நாங்கள் ஏரிக்கரை என்று வாய்திறந்து சொன்னால்தான் பிறருக்குத் தெரியும். இப்போது சாலையின் மறுபக்கத்திலிருந்தே தெரிந்தது.

"சதுரம் எல்லாம் பின்னால போ, பின்னால போ" என்றார் பஸ் கண்டக்டர். பஸ் முழுக்கச் சிரித்தது. அன்று மாமா அந்த பஸ்ஸில் இருந்தார். அவர் சட்டையில் பை இருந்தது, சீப்பும் இருந்தது. அவர் பின்னால் போகவில்லை என்று அப்பா வீட்டில் வந்து சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

கார்த்திகையில் மழை கொஞ்சம் விட்ட ஒரு சனிக்கிழமை அப்பா கையில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். நிரந்தரமாகப் போகிறவர்களுக்குக் கம்பெனி கொடுக்கும் சட்டை. திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு வர வேண்டும், மாலையில் ஆபீசர் தன் கையால் ஆர்டரைக் கொடுப்பார் என்று மேஸ்திரி சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா பொட்டலத்தை முறத்தின் மேல் வைத்துப் பிரித்தாள். மொடமொடப்பான புதுக் காக்கி. கஞ்சி வாடை. மார்பில் இரண்டு பைகள், இடதுபக்கப் பையின் மேல் சிவப்பு நூலில் கம்பெனியின் பெயர். நான் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தேன். புடைத்துக்கொண்டிருந்தன. அம்மா கூரையைப் பார்த்தாள். எந்த மூலையிலிருந்து ஓடு போட ஆரம்பிப்பது என்று அப்போதே யோசித்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

"எங்கய்யா போற?" என்றாள் அம்மா.

"டைலர்கிட்ட."

மாமா வாரிக்கொண்டிருந்த சீப்பை நிறுத்தினார். "மாமா, அது கம்பெனி சட்ட. அதுல கைய வெக்காத."

"ஆர்டர் வாங்கற அன்னிக்கி கூட அவன் ரெண்டு வெரல உட்டு நோண்டணுமா?"

"பாக்கெட்டு மேல கம்பெனி பேரு கீதுய்யா" என்றாள் அம்மா.

"பேரு எங்கனா ஓடிப் போவுதா? பிரிச்சி எடுத்து ஸ்டோர்ல திருப்பிக் குடுத்துடுவேன். கம்பெனி துணி நம்ம ஊட்ல எதுக்கு?"

கடைசி வாக்கியத்துக்கு யாரிடமும் மறுப்பு இல்லை. ஏரிக்கரையில் வளர்ந்தவர்களுக்கு அதன் நியாயம் புரியும். அடுத்தவன் பொருள் ஒரு முழம் துணியானாலும் வீட்டில் தங்கக் கூடாது. தங்கினால் காலையில் யார் வந்து எடுப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தையல்காரர் தயங்கினார் என்று அப்பா சொன்னார். ஆனாலும் பிரித்தார். சட்டை புதிது என்பதால் சதுரம் எதுவும் தெரியவில்லை, ஊசி போன ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருந்தன. அம்மா ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தாள். ஓட்டைகள் பாதி மூடிக்கொண்டன. பிரித்தெடுத்த இரண்டு பைகளையும் அப்பா ஒன்றின் மேல் ஒன்றாக மடித்துக் கேரியரின் மேல் தட்டில் வைத்தார், மழையில் நனையாமல் இருக்கும் என்று.

திங்கட்கிழமை நடந்ததை அப்பா பிறகு பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். காலையில் உள்ளே போனதும் நேராக ஸ்டோருக்குப் போயிருக்கிறார். ஸ்டோர்கீப்பர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தப் பைகளைப் பார்த்தார்.

"சட்டைங்கிறது ஒரு உருப்படி. உருப்படியைத் திருப்பித் தரலாம், வாங்கிக்கலாம். இந்தக் கால் உருப்படிய நான் எதுல சேர்க்கிறது?"

"துணின்னு வெச்சிக்கோ சார்."

"துணின்னு வெச்சா, இது எந்தத் துணின்னு ஆடிட்ல கேப்பான். வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி மறுபடி தைச்சுப் போட்டுட்டு வாப்பா. வேலையப் பாரு."

அவர் சொன்னது சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை. கம்பெனிப் பொருள் எதுவானாலும் வெளியே எடுத்துச் செல்ல கேட் பாஸ் என்னும் வாயில் சீட்டு வேண்டும். இரண்டு துண்டுத் துணிக்கு யார் சீட்டு எழுதுவார்கள்? அவருக்குத் தோன்றவில்லை, அப்பாவுக்குத் தெரியவில்லை.

மாலையில் சங்கு ஊதியது. ஆபீசர் வரத் தாமதமாகும், ஆர்டர் வாங்க வேண்டியவர்கள் வாயிலருகே காத்திருக்கட்டும் என்று மேஸ்திரி சொன்னார். காத்திருந்த நேரத்தில் வரிசை நகர்ந்து அப்பாவின் முறை வந்துவிட்டது. செருப்பைத் தூக்கிக் காட்டினார். காவலாளி புதுக் காக்கியின் மேல் விரலை ஓட்டினார். பை இல்லை. கேரியரைத் திறக்கச் சொன்னார்.

அந்த வாயில் கட்டப்பட்ட நாளிலிருந்து ஏரிக்கரைக்காரன் ஒருவனிடம் ஏதேனும் பொருள் கிடைத்தது அதுதான் முதல்முறை. காவலாளியின் மகிழ்ச்சியை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. வருடக்கணக்கில் தினமும் தேடிய மனிதர் அவர். ஆபீசர் ஆர்டர் கொடுக்க வந்தபோது, அவரிடம் முதலில் நீட்டப்பட்டவை இரண்டு காக்கிப் பைகள்.

"இது எங்கேர்ந்து வந்தது?"

"என் சட்டையோடது சார்."

"உன் சட்டையில பாக்கெட்டே இல்லையே."

"அதான் சார் இது."

"கம்பெனி பேரை ஏன்யா வெட்டினே?"

"வெட்டல சார். பிரிச்சேன்."

"எதுக்கு?"

"நான் எதும் எடுக்கலன்னு காட்ட சார்."

ஆபீசர் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாராம். "எடுக்காதவன் எதுக்குய்யா காட்டணும்?"

ஸ்டோர்கீப்பரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னது நான்தான் என்று அவர் ஒப்புக்கொண்டால், சீட்டு ஏன் தரவில்லை என்ற அடுத்த கேள்வி அவருக்கு வரும். எனவே அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்படி ஒன்றும் தெரியாமல் போனவர்களை என் பணிக்காலத்தில் நிறைய சந்தித்திருக்கிறேன். நல்ல மனிதர்கள், பெரும்பாலும் பிள்ளைகுட்டிக்காரர்கள்.

இந்த வழக்கில் அப்பாவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய எல்லாமும் எனக்கு மனப்பாடம். எழுத்தில் குற்றச்சாட்டு, பதில் சொல்ல அவகாசம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு, மேல்முறையீடு. ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதியிருந்தால் போதும், அந்தக் குற்றச்சாட்டு தானாகவே விழுந்திருக்கும். தற்காலிகத் தொழிலாளிக்கு இவற்றில் எதுவும் கிடையாது. நிரந்தரமாகச் சில நிமிடங்களே இருந்தபோதும் அவர் தற்காலிகம்தான். "நாளையிலேர்ந்து வராதே" என்றார்கள். நடைமுறை மீறல் எதுவும் இல்லை.

சட்டை கம்பெனியுடையது. கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அப்பா பனியனோடு மழையில் நடந்து வந்தார். வாசலில் நின்றவரை அம்மா மேலும் கீழும் பார்த்தாள். "ஆர்டர் எங்கய்யா?" என்று கேட்டாள். அவர் காலி கேரியரை அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிக் கீழே வைத்தாள். ஒழுகும் இடத்தில் இருந்த பாத்திரம் நிரம்பி வழிவதைப் பார்த்து, எழுந்து போய் அதைக் கொட்டிவிட்டு வந்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். வேலை போவது எங்கள் தெருவில் புதிய செய்தி அல்ல.

மறுநாள் மாமாவை வாயிலில் நிறுத்தினார்கள். அவரே வீட்டுக்கு வந்து சொன்னார். உட்காரவில்லை, தலை வாரவில்லை. வாசற்கால் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆபீசர் கேட்டாரு மாமா. நீ அவன் ஊட்லதான கீறேன்னு. நான் தனியா கீறேன் சார்னுட்டேன்."

அப்பா பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார்.

"ஏரிக்கரைல எல்லாரும் அப்பிடி இல்ல சார், அந்த ஒரு ஊடு மட்டும்தான் சார்னு..." மாமா வாசற்காலை நகத்தால் சுரண்டினார். "வாய்ல அதான் மாமா வந்துச்சி."

அம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்தாள். "துன்னுட்டு, துணிய எடுத்துக்கினு போ" என்றாள்.

"சரியாத்தான சொல்லிகீறான்" என்றார் அப்பா. "என்னால அவன் பொயப்பும் போவணுமா?"

மாமா சாப்பிட்டார். சாப்பிட்டு முடிக்கும்வரை அம்மா விசிறிக்கொண்டிருந்தாள். பிறகு அவர் தன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேக்காட்டில் ஒரு சிநேகிதன் அறைக்குப் போய்விட்டார். தை பிறந்ததும் நிரந்தரமானார். ஒருநாள் அம்மாவைப் பார்க்கக் காக்கிச் சட்டையோடு வந்தார். அவள் உள்ளே வரச் சொன்னாள். அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு வரச் சொன்னாள். அவர் திரும்பிப் போய்விட்டார்.

மாமாவின் வாய்க்கு வந்த அந்த வாக்கியம் தெருவுக்குப் பிடித்துப்போனது. இத்தனை காலம் எத்தனை பேர் மறுத்தும் நகராத ஒன்றை அந்த ஒரு வாக்கியம் நகர்த்தியது. யாரும் திருடர்கள் அல்ல என்று சொன்னபோது வெளியாட்கள் நம்பவில்லை. ஒரு வீடு மட்டும்தான் என்று சொன்னதும் நம்பினார்கள். தையல்காரர் வாடிக்கையாளர்களிடம் சொன்னார். பால்காரரிடம் பெண்கள் சொன்னார்கள். டீச்சரிடம் பிள்ளைகள் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த முறை ஏதோ காணாமல் போனபோது நான் மட்டும் எழுந்து நின்றேன். பொங்கலுக்குள் தொழிற்சாலை வாயிலில் இரண்டாவது வரிசை எடுக்கப்பட்டுவிட்டது. தையல்காரர் எல்லோருடைய சட்டைகளிலும் அந்தக் கருத்த சதுரங்களின் மேல் புதுப் பைகளை வைத்துத் தைத்தார். நிறம் பொருந்தவில்லை. யாரும் பொருட்படுத்தவில்லை. எங்கள் வாசலைக் கடக்கும்போது சிலர் தங்கள் புதுப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு போனார்கள். எங்கள் தெருவுக்கு நன்மை விளைந்தது என்பதை நான் பதிவு செய்தாக வேண்டும்.

அம்மாவால் குழாயடியில் குடத்தை வைக்க முடியவில்லை. எங்கள் குடத்தை நகர்த்தினார்கள் என்பதல்ல, தங்கள் குடங்களை நகர்த்திக்கொண்டார்கள். மாசியில் நாங்கள் வெள்ளானூருக்குப் போனோம். அங்கே செங்கல் சூளையில் ஆள் எடுத்தார்கள். சூளையில் யாரும் மேல்சட்டை போடுவதில்லை.

போன புதிதில், ஒரு காலை நேரம். வேலைக்குப் போகும் வழியில் அப்பா என்னை டீக்கடைக்குக் கூட்டிப் போனார். எனக்குப் பொறை ரொட்டி வாங்கிக் கொடுத்து, பெஞ்சில் பக்கத்தில் உட்கார வைத்தார். சூளையாட்கள் நாலைந்து பேர் குந்தியிருந்தார்கள். டீக்கடைக்காரர் வடிகட்டியை உதறிக்கொண்டே கேட்டார்.

"புச்சா கீறியே, எந்த ஊரு நைனா?"

"மேனாம்பேட்டுப் பக்கம்."

"ஏரிக்கரையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. "ஆமா" என்றார் அப்பா.

டீக்கடைக்காரரின் கை ஒரு கணம் நின்றது. "அங்க ஒர்த்தன் கம்பெனிலேர்ந்து பண்டல் பண்டலா காக்கித் துணிய அடிச்சானாமே? கேரியர்ல வெச்சிக் கடத்தி கேட்ல மாட்டிக்கினானாம். ஊரே அந்தத் தொயில்தான்றாங்க."

அப்பா டீயைக் கீழே வைத்தார். அவருடைய முழங்கை என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. நான் பொறையை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தேன்.

"அப்பிடிலாம் இல்லிங்க. ஜனம் எல்லாம் ஒயுங்கான ஜனம். அந்த ஒரு ஊடு மட்டும்தான்."

"ஆளு தெரியுமா ஒனுக்கு?"

"தெரியும்."

"எப்டி இருப்பான்?"

அப்பா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், பொருத்தமான பதிலைச் சொல்ல வேண்டும் என்பதுபோல.

"பாத்தா தெரியாதுங்க. நம்மள மாதிரிதான் இருப்பான்."

டீக்கடைக்காரர் பெஞ்சில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு, வெளியே இருந்த காசு டப்பாவை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.